விழ மறுத்த சாத்தான்

சாத்தானுக்காக வக்காலத்து வாங்கிய சபையார் என்று இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தெருவில் இருந்தார். அவருக்குச் சாத்தான் மேல் பிரியமெல்லாம் கிடையாது. ஞாயிறு தவறாமல் முன் பெஞ்சில் உட்கார்ந்து, சாத்தானைத் துரத்துகிற பாட்டை எல்லோரையும் விட உரக்கப் பாடுகிறவர்தான். அவருடைய தகராறு ஒன்றே ஒன்று: "அவன் பரலோகத்துலேர்ந்து வுழுந்தான்றது எங்க எழுதிகீது?"

இந்த ஒரு கேள்வியால் என் பி.எட். சீட்டு ஒரு மாதம் முழுக்க அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் நானும் தொங்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவரை எல்லோரும் சாரங்கட்டி அண்ணாத்த என்றே கூப்பிடுவோம். சொந்தப் பெயர் சபைப் பதிவேட்டில்கூட இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் மாமல்லபுரம் பக்கம் கடலோரமாக ஓட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். கொத்தனார்கள் மேலே நின்று சுவர் பூசுவதற்காகச் சவுக்குக் கழிகளைக் கயிற்றால் பிணைத்து, ஐந்தாறு மாடி உயரத்துக்குச் சாரம் கட்டுவார் அண்ணாத்த. "முப்பது வருசம் நைனா. நம்ம கட்டுன சாரத்துலேர்ந்து ஒரு சிமெண்டுச் சட்டிகூட வுழுந்ததில்ல" என்பார். ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை. டீக்கடையில், பஸ்ஸில், துக்க வீட்டில் என்று போகிற இடமெல்லாம் சொல்வார்.

கல்யாணப் பந்தலுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் நாலு காலையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். மாமல்லபுரத்தில் சரிவில் உருண்டு விழுகிற மாதிரி நிற்கும் பெரிய உருண்டைப் பாறையை எல்லோருக்கும் தெரியும். உலகமே அதன் கீழே நின்று கையை உயர்த்திப் போட்டோ எடுத்துக்கொள்கிறது. அண்ணாத்த ஒரு நாள் அங்கே போய், "யோவ், தள்ளு! அடியில முட்டே இல்லாம நிக்குது, ஒனக்குப் பல்லக் காட்டி போட்டோ கேக்குதா?" என்று ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை விரட்டியிருக்கிறார். மறுநாள் ஒரு சவுக்குக் கழியோடு போய்ப் பாறைக்கு முட்டுக் கொடுக்கப் பார்த்து, காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

இப்படிப்பட்ட மனிதரைக் கூப்பிட்டு, விழச் சொன்னேன். தப்பு என்னுடையதுதான்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, பிறகு ஓட்டல் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றி என்னை டிகிரி வரைக்கும் கொண்டுவந்திருந்தார். மேலே பி.எட். படிக்கச் சபைக் கல்லூரியில் இடம் வேண்டும். அதற்குத் தலைமைப் போதகரின் கையெழுத்து வேண்டும். அவரோ, "நாடகத்துக்கு வருகிறேன். உன் எழுத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று சொல்லிவிட்டார். நான் உயிரைக் கொடுத்து எழுதினேன். முதல் காட்சியே பரலோகம். பன்னிரண்டடி உயரத்தில் யுத்தம். மிகாவேல் தூதன் தள்ள, சாத்தான் வைக்கோல் மேல் வந்து விழ வேண்டும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மேடை போட்டுக் கொடுப்பவருக்கு நாடகத்தில் ஒரு வேடம் தந்தாக வேண்டும். அண்ணாத்த அதுவரை ஒட்டகத்தின் பின்கால், ஏரோதின் சேவகன் என்று வாய் பேசாமல் நடித்து வந்தார். பன்னிரண்டடி உயரத்துக்குப் பழக்கப்பட்ட ஆள் அவர்தானே என்று இந்தத் தடவை சாத்தானையே கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"யாரு கட்டுன பரலோகம்?" என்றார்.

"நீங்கதான் அண்ணாத்த."

"நான் கட்டுனதுலேர்ந்து நானே வுழறதா? நாளைக்கு எவன் நைனா என்ன வேலைக்குக் கூப்புடுவான்?"

"இது வேதத்துல இருக்கிற கதை அண்ணாத்த."

"எங்க? படிச்சிக் காட்டு."

அன்றைக்கு ஆரம்பித்தது பேஜாரு. அவருக்கு எழுத்து தெரியாது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து சுண்ணாம்புக் காலோடு எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டடத்தில் ஆள் விழுந்தால் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். எந்த மாடி? எவன் பார்த்தான்? தள்ளினானா, தானா வழுக்கினானா?

ஆதியாகமத்திலிருந்து தொடங்கினேன். ஏதேன் தோட்டத்தில் பாம்பு இருக்கிறது. சாத்தான் என்ற பேரே அங்கு இல்லை. "பாம்பு வுழாது, ஊரும்" என்றார். யோபுவின் கதைக்குப் போனேன். அங்கே சாத்தான் தேவனுடைய சந்நிதியில் மற்றவர்களோடு சாவகாசமாக வந்து நிற்கிறான். "பாத்தியா? இன்னும் டூட்டிலதான் கீறான்!"

விடியலின் மகனே, வானத்திலிருந்து விழுந்தாயே என்று ஏசாயா பாடும் இடத்தை வெற்றியோடு எடுத்து நீட்டினேன். "மேல படி" என்றார். படித்தேன். அது பாபிலோன் ராஜாவை ஏசிப் பாடியது. எசேக்கியேலைப் பிடித்தேன். அது தீரு தேசத்து ராஜா. "இன்னா நைனா, எவனோ ராஜா வுழுந்ததுக்கு இவன் மேல கேஸ் எழுதுறீங்க?"

மின்னலைப் போல சாத்தான் விழுவதைக் கண்டதாக இயேசுவே சொல்கிறாரே என்றேன். மோவாயைத் தடவினார். "அவரு சொன்னா சரி. ஆனா எப்ப? எங்கேர்ந்து? எதுக்கு? அது கீதா?" இல்லை. கடைசிப் புத்தகத்தில் மிகாவேல் யுத்தம் செய்து வலுசர்ப்பத்தைத் தள்ளுகிறான். "அது இனிமே நடக்கப்போறதா, நடந்து முடிஞ்சதா?" அதற்குப் போதகர்களுக்குள்ளேயே சண்டை. எனக்குத் தலை சுற்றியது.

போதாதென்று அவரோடு வேலை செய்த கொத்தனார் பாயையும் ஒரு நாள் கூட்டி வந்துவிட்டார். "எங்க வேதத்துல சைத்தான், களிமண்ணுல செஞ்ச மனுசனுக்குத் தலை வணங்க மாட்டேன்னான், வெளிய போன்னுட்டாங்க" என்றார் பாய். நான் செங்கல்பட்டுக்கு சைக்கிள் மிதித்து, ஒரு பழைய போதகரின் அலமாரியைக் குடைந்தேன். வேதத்தில் சேராத பழைய யூதக் கதைகளிலும் இதே வணங்காத கதை இருந்தது. இன்னொன்றில் தூதர்கள் பெண்கள் மேல் ஆசைப்பட்டுத் தாங்களாகவே ஒரு மலை மேல் இறங்கினார்களாம். பிற்காலத்துச் சபைப் பெரியவர்கள்தான் பாபிலோன் ராஜாவின் பாட்டையும், மின்னலையும், சர்ப்பத்தையும் சேர்த்து ஒரே விழுகையாக வாசித்திருக்கிறார்கள். இதை அவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

அண்ணாத்த தொடையில் தட்டினார். "அத்தச் சொல்லு! நாலு ஊரு கழிய ஒண்ணாக் கட்டி நிக்க வெச்சிகிறாங்க. நல்ல கட்டுதான். இத்தினி வருசமா நிக்குதே! ஆனா தோ, எறங்கினாங்கன்னு எழுதிகீது பாரு. நானும் எறங்கிடறேன்."

"அண்ணாத்த, எறங்கினா நாடகம் போச்சு. என் சீட்டும் போச்சு!" கத்தியே விட்டேன். அழுகை வந்துவிட்டது.

"செரி, வுடு. வுழறேன். ஆனா மேல ஏறும்போது நீ இடுப்புல கயிறு கட்டிக்கணும்." வசனம் மனப்பாடம் செய்ய ஆள் கிடைக்காததால் மிகாவேல் நான்தான். தேவதூதனுக்கு எதற்குக் கயிறு என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம். முன் வரிசையில் தலைமைப் போதகர். அவருக்குப் பின்னால் வெளுத்த சட்டையில் அப்பா, பக்கத்தில் அம்மா. மேலே தெர்மக்கோல் சிறகோடு நான். கரி பூசிய முகத்தோடு அண்ணாத்த. எங்கே கடைசி நிமிடத்தில் விழாமல் போய்விடுவாரோ என்ற பயத்தில், "வீழ்ந்து போ!" என்று கத்தி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினேன்.

முப்பது வருடப் பழக்கம். அண்ணாத்தயின் கை தானாகக் கழியைப் பிடித்தது, உடம்பு தானாக ஒதுங்கியது. நான் மட்டும் போனேன். வைக்கோல் இடப்பக்கம். தள்ளின வேகத்தில் திசை தப்பி நான் போனது முன்பக்கம், சிமெண்டுத் தரைக்கு மேலே.

மறுமுனையைக் கழியில் கட்டியிருந்த இடுப்புக் கயிறு என்னைப் பிடித்து நிறுத்தியது. பாதி வழியில் சிறகடித்துக்கொண்டு தொங்கினேன். "ஐயோ, எம்புள்ள!" என்று அப்பா எழுந்தே விட்டார். மேலே அண்ணாத்த கயிற்றைக் கைக்குக் கை மாற்றி இழுக்க ஆரம்பித்தார். சபை முழுதும் எழுந்து நின்று, சின்னப் பிள்ளைகள் முதல் கிழவிகள் வரை ஒரே குரலில் கத்தியது: "சாத்தானே, வுட்றாத! இழு! சாத்தானே, இழு!"

என்னை மேலே நிறுத்திவிட்டு, ஜனங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஏணி வழியாக நிதானமாக இறங்கிப் போனார் அண்ணாத்த.

தலைமைப் போதகர் உடனே கூப்பிட்டனுப்பினார். அங்கிக்குக் கீழே கயிறு இழுபட, போய் நின்றேன்.

"மிகாவேல் தொங்கினது வேதத்துல எங்க இருக்கு தம்பி?"

"இல்லீங்க ஐயா."

"சாத்தான் விழாதது?"

வேறு வழியில்லாமல் பாபிலோன் ராஜாவிலிருந்து பாய் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், கடைசியில் பேனாவைத் திறந்தார். "இவ்வளவு கேள்வி கேட்ட ஆளை ஒரு மாசம் அடிக்காம பொறுத்திருக்கே. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அது போதும்."

வெளியே வந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. கரி பாதி கலைந்த முகத்தோடு அண்ணாத்த வந்து குந்தினார். அவர் காதில் விழ, "வுழறேன்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே அண்ணாத்த" என்றேன்.

"எனக்கு வுழ வரல, இன்னா பண்றது?" முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நீ பொஸ்தகம் பாத்து நடக்குற ஆளு, கால் பாத்து வெக்க மாட்டே. உங்கப்பாரு கீழ குந்திகினு கீறாரு. அந்த மனுசன் கண்ணு எதிர்ல நீ வுழலாமா?"

இப்போது நான் வாத்தியார். என் வகுப்பு இரண்டாவது மாடியில். மாடிப்படியில் காலை வைக்கும்போதெல்லாம் என் கை தானாக இடுப்புக்குப் போய், முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது.