ஃபீஸ் பாயின் பயணி

கோயம்புத்தூரில் டிக்கெட் போட்டுக் கொடுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். 'போகாதீங்க' என்று சொல்லிவிட்டு அதற்கும் காசு வாங்கும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். சிங்காநல்லூரில் என் அலுவலகத்துக்கு அடுத்த கதவில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஃபீஸ் பாய். வாப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், ஆனால் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

விமானக் கம்பெனிகள் கமிஷனை அள்ளிக் கொடுத்த காலத்தில் பாய் யாரிடமும் ஒரு பைசா கேட்டதில்லை. பிறகு கமிஷன் தேய்ந்தது, ஜனங்கள் கையில் ஃபோன் வந்தது. பாயிடம் ஒரு மணி நேரம் விசாரித்துவிட்டு, படி இறங்குவதற்குள் ஃபோனில் டிக்கெட் போட்டுக்கொண்டார்கள். மற்ற ஏஜெண்டுகள் சத்தமில்லாமல் டிக்கெட் விலையில் கொஞ்சம் ஏற்றி வைத்தார்கள். பாய் மேஜைமேல் ஓர் அட்டை வைத்தார்: 'யோசனைக்கு முந்நூறு ரூபாய். டீ இலவசம்.'

வீதியே வந்து டீ குடித்துவிட்டுப் போனது. யோசனைதான் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒருநாள் சரவணம்பட்டியிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஐ.டி. ஜோடி வந்தது. அடைமழை மாதத்தில் மலைக்குத் தேனிலவு. பாய் அரைமணி நேரம் பேசி அவர்களைப் போகவிடாமல் செய்துவிட்டு, முந்நூறு கேட்டார்.

"டிக்கெட்டே போடலியே சார்?" என்றான் பையன்.

"அதுக்குத்தானுங்க. போட்டிருந்தா லாட்ஜ் ரூம்ல சன்னலைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க."

பையன் முறைத்தான். அந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்து வைத்தாள்.

நான் வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பவன். ஃபீஸ் எதற்கு என்று என்னை யாரும் கேட்டதில்லை. நான் வாங்கினால் ஃபீஸ், பாய் வாங்கினால் வழிப்பறி. இது என்ன நியாயம் என்று எனக்கே உறுத்தும். ஆனாலும் அவர் கடை ஈயோட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"பாய், எல்லாரும் செய்யற மாதிரி டிக்கெட் விலையிலயே சேத்துருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

பாய் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கமிஷன் வாங்குனப்ப நான் கம்பெனி ஆளுங்க. எவன் எச்சாக் கமிஷன் குடுக்கறானோ அவன் ஏரோப்ளேன்தான் நல்ல ஏரோப்ளேன்னு சொல்லியிருக்கறேன். இப்ப உங்ககிட்ட வாங்கறேன், அதனால உங்க ஆளு. மறைச்சு வாங்குனா நான் யாரு ஆளுன்னு எனக்கே தெரியாமப் போயிருமுங்க."

இந்தத் தத்துவத்தின் பரம எதிரி பழனிச்சாமி. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு பட்டறை. கணக்குக்கு என்னிடம் வருவார், டீக்கும் சண்டைக்கும் பாயிடம் போவார்.

"ஏனுங்க பாய், பம்பைப் பத்தி நான் நாள் பூரா சொல்றேன். வாங்குனாத்தான் காசு."

"கேட்டுப்போட்டு வேற கடைல போய் வாங்குனா?"

"அவனை மறுக்கா உள்ளயே உடமாட்டேன்."

"நான் உள்ள உட்டு டீயும் குடுக்கறேனுங்களே," என்றார் பாய்.

பழனிச்சாமியின் மகளுக்கு ஜெர்மனியில் பிரசவம். மருமகனைத் தவிர துணைக்கு ஆளில்லை. மனைவி சரஸ்வதி தனியாகப் போக வேண்டும். அந்த அம்மாள் அதுவரை விமானத்தை மொட்டை மாடியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். தமிழைத் தவிர வேறு பாஷை கிடையாது, வழியில் விமானம் மாற வேண்டும். பழனிச்சாமி ஃபோனிலேயே டிக்கெட் போட்டுவிட்டு, அதைப் பாயிடம் காட்டுவதற்கென்றே வந்தார்.

"எப்புடிங்க? முந்நூறு மிச்சம்."

பாய் டிக்கெட்டைப் பார்த்தார். அவருக்கும் ஒரு டீ சொன்னார்.

சரஸ்வதி கிளம்பிய மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழனிச்சாமி படியேறி என்னிடம் ஓடி வந்தார். வேர்த்துக் கொட்டியது. மாற வேண்டிய ஊரில் அடுத்த விமானத்தை ரத்து செய்துவிட்டார்களாம். டிக்கெட் போட்ட இடத்துக்குக் கூப்பிட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மனைவியின் ஃபோனோ ஓயாமல் பிஸி. அவரைக் கைத்தாங்கலாகப் பாய் கடைக்கு அழைத்துப் போனேன்.

பாய் வீடியோ காலில் இருந்தார்.

"பயப்படாதீங்க அம்மணி. கவுண்டர்ல இருக்கற அந்த நீலச் சட்டைப் புள்ளைகிட்ட ஃபோனைக் குடுங்க," என்றவர், தன் சொந்தத் தயாரிப்பான ஆங்கிலத்துக்கு மாறினார். "மேடம், திஸ் லேடி மை பேசஞ்சர். ஃபஸ்ட் டைம். டாட்டர் டெலிவரி. நெக்ஸ்ட் ஃப்ளைட், ப்ளீஸ்."

அந்தப் பெண் போர்டிங் பாஸைக் கையில் கொடுக்கும்வரை பாய் ஃபோனை வைக்கவில்லை. அவருடைய சாப்பாடு மேஜையில் ஆறிக் கிடந்தது.

பழனிச்சாமி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பர்ஸை எடுத்தார்.

"வேண்டாமுங்க. ஒரு பயணத்துக்கு ரெண்டு ஃபீஸ் வாங்கறதில்லை."

"நான் எங்கீங்க குடுத்தேன்?"

"அம்மணி போன வாரமே வந்து குடுத்துட்டாங்க. டிக்கெட் அவரு போட்டுட்டாரு, எனக்கு ஒரு ஆளு வேணுமுங்கன்னாங்க."

பழனிச்சாமி மேஜைமேல் இருந்த அட்டையைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை படித்தார். பிறகு, அன்றைக்குத்தான் முதல்முறையாக, பாயின் டீயைச் சண்டை போடாமல் குடித்தார். அந்த வாரமே பேத்தி பிறந்தாள். முதல் ஃபோட்டோ பழனிச்சாமிக்கு வந்தது, இரண்டாவது பாய்க்கு.

போன மாதம் எனக்கு டெல்லி போகும் வேலை வந்தது. ஃபோனில் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் அடுத்த கதவைத் தட்டி, முந்நூறு ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"டெல்லிக்கு உங்களுக்கு என்னங்க யோசனை வேணும்?" என்றார் பாய்.

"யோசனை ஒண்ணும் வேண்டாம் பாய். நானும் உங்க பேசஞ்சரா இருந்துக்கறேன்."