அனுமதி கேட்டு வந்தவன்

"மகள், மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு. பொட்டி அழுவுது."

ஹிஸ்புல்லா ஹாஜியார் இதைச் சொன்னபோது மாப்பிள்ளை அஸ்ஹான் எதிர்க் கதிரையில்தான் இருந்தான். கையை நீட்டினால் தொடலாம். ஆனாலும் செய்தி மகள் ஷிஃபானா வழியாகத்தான் வர வேண்டும். மூதூர்ப் பையன் கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. மாமனார் மரியாதைக்காக மருமகனிடம் நேரே பேசவில்லை. மருமகன் பயத்தில் பேசவில்லை. நடுவில் ஷிஃபானா தபால்காரியாகத் தேய்ந்துகொண்டிருந்தாள்.

மடிகணினி உண்மையாகவே அழுதது. "அபாயம்! உங்கள் கணினியில் வைரஸ்!" என்று ஒரு சிவப்புக் கட்டம் மின்ன, ஆம்புலன்ஸ் சத்தம் வீட்டை நிறைத்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ, ஹாஜியார் தன் படகுகளுக்காகத் தினமும் பார்க்கும் கடற்காற்று அறிக்கை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"நீங்க ஹாபர் பக்கம் கம்பியூட்டர் வேலதானே செய்றீங்க? பாருங்களன்," என்றாள் ஷிஃபானா.

கல்யாணம் பேசும்போது சொன்னது அது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் சரக்கு விபரங்களை அவன் கணினியில் தட்டுவது உண்மை. கணினி முரண்டு பிடித்தால் பக்கத்து மேசைத் தனஞ்சயனைக் கூப்பிடுவதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையை யாரும் கேட்கவில்லை. 'கம்பியூட்டர் மாப்பிள்ளை' என்ற பெயரில்தான் இந்த வீட்டில் அவனுடைய மதிப்பே நின்றது.

"சின்ன விசயம்," என்றான்.

கட்டத்தின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினான். இன்னும் மூன்று கட்டங்கள் திறந்தன. 'இப்போதே சுத்தம் செய்' என்று ஒரு பச்சைப் பொத்தான் கண் சிமிட்டியது. பார்க்க நல்லவன் போல இருந்தது. அதையும் அழுத்தினான். ஏதோ ஒன்று தரவிறங்கித் தானாகவே குடியேறிக்கொண்டது. சத்தம் நின்றது. ஹாஜியாரின் முகத்தில் புன்னகை அரும்பி, அரும்பிய இடத்திலேயே உறைந்தது. திரை முழுக்க, வழுக்கையில் முடி வளர்க்கும் எண்ணெய்.

ஹாஜியார் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"மகள், பொட்டிக்கு என்ட தல எப்பிடித் தெரியும் எண்டு கேளு."

குசினிக் கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியார் பரீதாதான். மருமகன் முன்னால் வந்து நிற்க அவருக்கு வெட்கம். தேத்தண்ணிகூடக் கதவிடுக்கு வழியாகத்தான் வரும்.

அஸ்ஹானுக்கு வேர்த்தது. எதையெல்லாம் நிறுத்த முடியுமோ அதையெல்லாம் நிறுத்தினான். காற்று அறிக்கை காணாமல் போனது. எண்ணெய் அசையவில்லை. முற்றத்துக்கு ஓடித் தனஞ்சயனுக்கு அழைத்தான்.

"முதல்ல நீ போட்ட துப்புரவுக்காரனக் கழட்டடா. அவன்தான் பெரிய கள்ளன்," என்றான் தனஞ்சயன். "பிறகு பிரவுசர் செட்டிங்ஸுக்குப் போ. ஆரும் தெரிஞ்சு போடாத எக்ஸ்டென்சன் இருந்தா அழி. முகப்புப் பக்கத்தப் பழையபடி மாத்து. நீ நிப்பாட்டினதுகளத் திருப்பிப் போடு. கடைசியா, அறிவிப்பு அனுப்ப ஆராருக்கு அனுமதி குடுத்திருக்கெண்டு பார். அங்கதான் கூட்டமா இருப்பாங்கள்."

இருந்தார்கள். பெயர் தெரியாத தளங்கள் கல்யாண வீட்டுப் பந்தி போல நீளத்துக்கு அமர்ந்திருந்தன. அஸ்ஹான் தன்னை மறந்து கத்திவிட்டான்.

"இவனுகளுக்கெல்லாம் ஆரு அனுமதி குடுத்த?"

"நான்தான்," என்றார் ஹாஜியார். நேரே, அவன் முகத்தைப் பார்த்து. "வாசல்ல நிண்டு கேக்கிறான். ரெண்டே ரெண்டு சொல்லுத்தான் வச்சிரிக்கான். ஒண்டு 'அனுமதி', மத்தது 'தடு'. வீடு தேடி வந்தவனுக்கு எப்பிடி மருமகன் 'தடு' எண்டு சொல்ற?"

ஷிஃபானா வாயைப் பொத்திக்கொண்டாள். தபால்காரிக்கு முதன்முதலாக லீவு கிடைத்திருந்தது.

"மாமா, இவன் விருந்தாளி இல்ல. சாப்பாடு போட்டா சட்டியையும் தூக்கிட்டுப் போற ஆள்."

"அப்ப இனித் தடுதான்!"

பெட்டி சுத்தமானது. மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து ஹாஜியார் அதைத் திறந்தார். எடை குறைக்கும் இடுப்புப் பட்டி துள்ளி வந்தது. அதற்கடுத்த நாள், அவருக்கு ஒரு கார் பரிசு விழுந்திருந்தது. ஒவ்வொரு மாலையும் அஸ்ஹான் துடைத்தான். ஒவ்வொரு மாலையும் அது திரும்பி வந்தது.

"வல்லாஹி, அந்த 'அனுமதி'ப் பொத்தான நான் அமத்தல்ல மருமகன்."

"வேற ஆரும் தொட்டதா?"

"எனக்கு அதத் திறந்து மூடவும் தெரியா," என்றது குசினிக் கதவு.

வேரைத் தேடும் சாக்கில் இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். கொட்டியாரக் குடாவில் காற்று எப்படித் திரும்பும் என்று ஹாஜியார் கையைச் சுழற்றிக் காட்டினார். மூதூர் லாஞ்சிப் படகில் பக்கத்திலிருந்தவரின் மடியில் தான் வாந்தி எடுத்த கதையை அஸ்ஹான் சொன்னான். ஹாஜியார் தொப்பி விழச் சிரித்தார். கதவிடுக்கில் வெறும் தேத்தண்ணியாக வந்தது, இனிப்புத் தொதலோடு வந்தது, பிறகு வட்டிலப்பத்தோடும் வந்தது.

ஆனால் அஸ்ஹான் வட்டிலப்பத்தைத் தொடாமல் தள்ளி வைத்தான். ஒரு விளம்பரத்தை விரட்டத் தெரியாதவன் என்ன கம்பியூட்டர் மாப்பிள்ளை? கடைசியில் ஒரு மாலை கையை விரித்துவிட்டான்.

"எனக்கு ஏலா மாமா. டவுனில கடையில குடுத்துத் திருத்துவம்."

"குடுக்கத்தான் வேணுமா?" ஹாஜியாரின் குரல் இறங்கிப்போனது. பிறகு பெருமூச்சோடு மடிகணினிப் பையை எடுத்து நீட்டினார்.

குசினிக் கதவு முழுசாகத் திறந்தது. மாமியார் பரீதா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, முதன்முறையாக மருமகன் முன்னால் வந்து நின்று, அந்தப் பையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைக்கெல்லாம் குடுத்துராதீங்க மருமகன். நீங்க ரெண்டு பேரும் கதைக்கிறது நிண்டு போயிரும் எண்டுதான், ஒவ்வொரு நாளும் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நான் வந்து அந்த 'அனுமதி'ய அமத்திட்டுப் போறன்."