நடுக்கதவு வைத்த வீடு

புது வீட்டைத் தானே பார்த்து முடிப்பது என்று தங்கையா தீர்மானித்துவிட்டான். அவனுக்கு ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. மூவரையும் கேட்கவில்லை.

காரணம் இருந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் கொண்டுவந்ததிலிருந்து தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மாலை ஏழு மணிக்கு ஊரடங்கு. அடுத்த லயத்துக்குக்கூடப் போகக்கூடாது. ஒரு வருடமாக அவன் சீட்டுக்கட்டைத் தொடவில்லை. ஏழு மணிக்குமேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மனைவி மீனம்மா பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவாள்.

புலாவ் செபாங் என்ற ஊரில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. அங்கேயும் ஊரடங்குதான், ஆனால் அவன் சிநேகிதன் மணியத்தின் பக்கத்து வீடு காலி. சொந்தக்காரரான சீனத் தவுக்கே தன் இரண்டு மகன்களுக்காக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். இரண்டு அடுப்படிக்கும் நடுவில் ஒரு கதவு. வெளியே கால் வைக்காமலே மணியத்தின் வீட்டுக்குப் போய்ச் சீட்டாடலாம். எந்தப் போலீஸ்காரன் என்ன சொல்ல முடியும்?

கதவைப் பற்றி மீனம்மாவிடம் மூச்சுவிடவில்லை. நல்ல காற்றோட்டமான வீடு என்று மட்டும் சொன்னான்.

"நானும் வந்து ஒரு பார்வை பார்க்கிறேங்க."

வந்தவள் கையில் ஒரு போத்தல் பாலில்லாத தேத்தண்ணி. கிணற்றுத் தண்ணீரைக் குவளையில் மொண்டு, அதில் கொஞ்சம் ஊற்றினாள்.

"என்ன பண்ற?"

"தண்ணியில இரும்பு இருந்தா கறுத்துடும். வெள்ளைத் துணியெல்லாம் பாழ்."

கறுக்கவில்லை. தங்கையாவுக்கு உயிர் வந்தது.

கூரையை அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. குனிந்து மண்தரையைப் பார்த்தாள்.

"ஒழுகினா தரையில குழி விழுந்திருக்கும்லா. இதோ பாருங்க ஒண்ணு. தகரத்தை மாத்தித் தரச் சொல்லுங்க."

அடுத்து, கக்கூஸ் வேலிக்குள்ளே இருக்கிறதா என்று நடந்துபோய்ப் பார்த்தாள். "ஏழு மணிக்கு மேல வயித்தைக் கலக்கினா, ரோட்டைத் தாண்டிப் போய்ச் சுடுபடவா?"

வீடு தேடுகிறவர்கள் இதையெல்லாம் குறித்துக்கொள்ளலாம். தங்கையா இதில் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை.

முன்னால் குடியிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று மணியத்தின் மனைவி முத்தாயியிடம் கேட்கப் போனாள். அந்த ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் ஆனது. திரும்பி வந்து அடுப்படியில் நின்றாள்.

"இது என்ன கதவு?"

"அதுவா? சும்மா."

"சும்மாவா? ஆணி அடிச்சு மூடிடணும். இல்லேன்னா வேற வீடு பார்ப்போம்."

தங்கையா கதவுக்குக் குறுக்கே போய் நின்றான். "காலம் கெட்டுக் கிடக்கு, மீனம்மா. நான் லாரியோட எங்கேயாவது மாட்டிக்கிட்டா, பிள்ளைக்குக் காய்ச்சல்னா யாரைக் கூப்பிடுவ? பொம்பளைக்குப் பொம்பளை துணை வேணும்லா."

"அதுக்கா இந்தக் கதவு?"

"அதுக்கேதான்."

"அப்ப நானும் முத்தாயி அக்காவும் போகலாம், வரலாம். அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"பிள்ளைங்க மேல சத்தியம்."

"சரி, உங்க இஷ்டம்," என்று மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் தங்கையா அன்றைக்கே தவுக்கேயிடம் பேசி முடித்தான்.

குடிவந்த முதல் நாள். ஏழு மணிச் சங்கு ஊதியது. தங்கையா தலையைச் சீவிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். அதற்குள் கதவு அந்தப் பக்கமிருந்து திறந்தது. மணியம் வந்தான். இடுப்பில் ஒரு பிள்ளை, வேட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு. அவன் உள்ளே வந்ததும் மீனம்மா கொண்டையை முடிந்துகொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பொம்பளைக்குப் பொம்பளை துணைன்னு நீங்கதானே சொன்னீங்க. சின்னவன் பால் குடிச்சிட்டான். பெரியவனுக்குச் சோறு ஊட்டிடுங்க."

அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

இந்தப் பக்கம் ஐந்து பிள்ளைகள். இரண்டு அழுதன. ஒன்று அரிசிப் பானைக்குள் கையை விட்டது.

"போகட்டும் விடு," என்று தங்கையா மணியத்தின் காதருகே குனிந்தான். "தூங்க வச்சிட்டு ஆடலாம். சீட்டைக் கொண்டு வந்தியா?"

"சீட்டு அந்தப் பக்கம் அவங்க ரெண்டு பேர் கையில," என்றான் மணியம். "முத்தாயிக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்ததே நான்தான்."