நுரை நின்றுபோன கதை

"எதிர்த்த நிபந்தனை நிக்கும். மத்ததெல்லாம் நடக்கும். அவ்வளவுதான் சட்டம்" என்று சொல்லிவிட்டு வக்கீல் போனை வைத்துவிட்டார்.

தொட்டி சார் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சோப்புத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு அவர்தான் பொறுப்பு. பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. வெயில் பட்டுத் தண்ணீர் மினுங்கினால் போதும், மனுஷன் எங்கோ மிதக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆற்றில் கழிவுநீர் விடுவதற்குப் புது அனுமதி வந்திருந்தது. தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், நிறம் கூடாது, நுரை கூடாது என்று நிபந்தனைகள். முதலாளி நுரையை மட்டும் எதிர்த்து அப்பீல் போட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். தீர்ப்பு வரும்வரை எதைப் பிடிப்பது, எதை விடுவது?

தொட்டி சார் யோசித்தார். நிற்கும் என்றால் உறுதியாக நிற்கும். எதிர்த்துவிட்டோம் அல்லவா, அதிகாரிகள் அதைத்தான் இறுக்கிப் பிடிப்பார்கள். மற்றதெல்லாம் அப்படி இப்படி இருந்தாலும் நடக்கும்.

"தண்ணியை ஆறவைக்கிற கூலரை நிறுத்துப்பா. நிறம் எடுக்கிற மெஷினையும் நிறுத்து" என்றார் ஆபரேட்டரிடம். "நுரையை மட்டும் விடாம பாத்துக்குவோம்."

மறுநாள் ஆற்றின்மேல் ஊதா நிறத்தில் ஆவி எழுந்தது. அது மெல்லக் கரையேறி, தெருத்தெருவாக உலாவி, வீடுகளின் விளிம்புகளை மங்கலாக்கியது. சைக்கிளில் போனவர்கள் காரணமில்லாமல் மெதுவாகப் போனார்கள். பஸ் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, யாரையோ நினைத்தபடி சிரித்தார். பயணிகள் ஒருவரும் இறங்கிச் சண்டை போடவில்லை.

போன் அடித்தது. மனைவி. ஆற்றின் கீழ்ப்பக்கம் சலவைக்கடை வைத்திருப்பவள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிப் போர்வையெல்லாம் ஊதாவா வருது."

"அழகா இருக்குமே?"

"அழகா? நோயாளிக்கு உடம்பு நீலம் பாஞ்சிருக்கா, போர்வைச் சாயம் ஒட்டியிருக்கான்னு டாக்டருக்கே தெரியலையாம்!"

தொட்டி சார் வக்கீலை மறுபடி போனில் பிடித்தார். வக்கீல் கத்தினார்.

"யோவ், நிக்கும்னா நின்னு போயிடும்யா! அப்பீல் முடியிற வரைக்கும் நுரையைப் பத்தி ஒருத்தனும் கேக்க முடியாது. நடக்கும்னா அமல்ல நடக்கும். சூடு, நிறம் ரெண்டையும் மீறினா ஆலைக்குப் பூட்டு!"

தொட்டி சார் ஓடினார். கூலரைப் போட்டார். நிறம் எடுக்கும் மெஷினைப் போட்டார். கேட்க ஆளில்லை என்பதால் நுரையை அடக்கும் தெளிப்பானை நிறுத்தினார்.

கூலரின் விசிறிகள் சோப்புத் தண்ணீரை அடித்தன. தொட்டிக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது. நுரை எழுந்தது, மதிலைத் தாண்டியது, வெண்மேகங்களாகப் பிரிந்து ஊருக்குள் புறப்பட்டது. ஆற்றங்கரைச் சிலைக்குத் தாடி முளைத்தது. நாய் ஒன்று குரைக்க வாயைத் திறந்து குமிழி விட்டது.

முழங்காலளவு நுரையில் நடந்து வந்தாள் மனைவி.

"என்னங்க இது?"

"இது சட்டப்படி சரியான நுரை. நிபந்தனை நின்னு போச்சு."

"நிபந்தனைதானே நின்னுது? நுரை நிக்கலையே! போர்வைன்னு நெனச்சு இவ்வளவு நேரம் நுரையை மடிச்சிட்டிருந்தேன்!" அவள் முந்தானையில் ஒட்டிய நுரையை உதறினாள். "ஆஸ்பத்திரி வேலை போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்."

தொட்டி சாருக்கு மனசு கேட்கவில்லை. தெளிப்பானை மறுபடி போட்டார். விசிறிக்காற்று அந்தத் துளிகளையும் அடித்து இன்னும் நுரையாக்கியது. செய்வதறியாமல் கரையில் உட்கார்ந்து, வழக்கம்போலத் தண்ணீரையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கூலரிலிருந்து தண்ணீர் குதித்து விழும் இடத்தில்தான் பொங்கியது. பாசி பிடித்த சுவரில் சரிந்து வழிந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"பலகை கொண்டாங்கப்பா!" என்று ஆட்களிடம் கத்திவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "நீ அந்த ஊதாப் போர்வைங்களைக் கொண்டா!"

தண்ணீர் விழும் இடத்தில் பலகைகளைச் சாய்த்து, மேலே போர்வைகளை விரித்தார்கள். தண்ணீர் சத்தமில்லாமல், தூக்கத்தில் புரள்வதுபோல வழிந்து இறங்கியது. நுரை அடங்கியது. ஆறு வானத்தைக் காட்டியது.

அந்த நேரம் பார்த்து மாசுக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார், கூடவே வக்கீலின் குமாஸ்தாவும். இன்ஸ்பெக்டர் கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டார்.

"சூடு இல்ல. நிறம் இல்ல. நுரை..." குனிந்து பார்த்தார். "ஒரு குமிழிகூட இல்லையே! நின்னு போன நிபந்தனையைக்கூட மதிக்கிற ஆலையை இப்பத்தான் பாக்கறேன்."

"நுரை முழுவதும் அடக்கப்பட்டுள்ளது" என்று அங்கேயே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தொட்டி சாரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மனைவி தன் கணவரை, கல்யாணமான புதிதில் பார்த்ததுபோலப் பார்த்தாள். தொட்டி சார் தரையிலேயே இல்லை.

குமாஸ்தா மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்றார் தொட்டி சார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். அந்த நுரையை அடக்க மனுஷனால முடியவே முடியாதுன்னுதான் நாம அப்பீலே போட்டிருக்கோம்."