நெட்டுக்கு நான் பொறுப்பு

வீட்டுக்கு வீடு ஒருவர் இருக்கிறார். சம்பளம் கிடையாது, நியமன உத்தரவு கிடையாது, ஓட்டுப் போட்டு யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆனாலும் இன்டர்நெட் கம்பெனி ஆள் படியேறி வந்து, “நெட்டுக்கு யாருங்க பொறுப்பு?” என்று கேட்ட மாத்திரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்று “நான்தான்” என்கிறாரே, அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நெட்டுப் பொறுப்பாளர் என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். அவராக வைத்துக்கொண்ட பெயர்தான், நான் ஒன்றும் புதிதாகச் சூட்டவில்லை.

இந்த ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையில் ஒரு வயரை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அதன் முனையை உற்றுப் பார்த்துவிட்டு, “இது ஒரிஜினல்தானே?” என்று கேட்பார். ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது கடைக்காரருக்குத் தெரியும். ஆகையால் “உங்களுக்குத் தெரியாததா சார்!” என்று சொல்லி இரண்டு வயராகக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நெட் நின்றுபோனால் மற்றவர்கள் முகம் வாடும். இவர் முகத்தில் மட்டும் ஒரு களை வரும். அறைக்கு அறை அவரைத் தேடுவார்கள். அவசரப்படாமல் வருவார். வந்ததும் முதல் கேள்வி, “யாரு என்னத்தத் தொட்டீங்க?” யாரும் எதையும் தொடவில்லை என்று வீடே சேர்ந்து சொன்னாலும் நம்பமாட்டார். மேசைக்குக் கீழே குனிவார், பெருமூச்சு விடுவார், ம்ஹூம் என்பார், பெட்டியை ஒருதரம் அணைத்துப் போடுவார். நெட் வந்துவிடும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “சொன்னா உனக்குப் புரியாது” என்பார். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அணைத்தார், போட்டார்.

அந்த ஆளைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர் என் வீட்டில்தான் இருக்கிறார். சட்டை, செருப்பு, மூக்குக் கண்ணாடி எல்லாம் எங்கள் இருவருக்கும் பொது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இரண்டு. கூடத்து மூலையில் என்னுடைய டெஸ்க்டாப். படுக்கையறையில் என் மனைவியின் லேப்டாப். கம்பெனி ஆள் வந்து டெஸ்க்டாப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி, அதில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போன அன்று, வீடு முழுக்க வைஃபை எடுத்தது. சமையலறையில் எடுத்தது, மாடிப்படியில் எடுத்தது. எங்களோடு இருக்கிற என் மாமனார், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், கட்டிலில் படுத்தபடியே போனில் பாட்டுக் கேட்டார். எல்லாருக்கும் எல்லாம் கிடைத்தது. ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. ஒரு குடும்பம் என்றால் இப்படியா ஆளாளுக்கு எடுத்துக்கொள்வது?

உடனே எனக்குப் பாதுகாப்பு ஞாபகம் வந்தது. எங்கள் இனத்தின் அகராதியில் ‘பாதுகாப்பு’ என்றால் ‘என்னைக் கேட்காமல் முடியாது’ என்று பொருள். அன்று சாயங்காலமே பெட்டிக்குள் புகுந்து, வைஃபைக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டாக மாற்றினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம், நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு. யாராலும் என்றால் யாராலும்தான். மறுநாள் காலையில் என்னாலும் முடியவில்லை.

கம்பெனியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? மானம் என்று ஒன்று இருக்கிறதே. நல்லவேளையாக, டெஸ்க்டாப்புக்குப் பெட்டியிலிருந்து நேராக வயர் வந்தது. வயர் பாஸ்வேர்டு கேட்பதில்லை. ஆகவே குடும்பத்தைக் கூட்டி வைத்து அறிவித்தேன்: “வைஃபைங்கிறது காத்துல போறது. தெருவுல போறவன்கூடப் பிடிச்சுக்கலாம். இனிமே வயர்தான். பெட்டியிலருந்து என் டெஸ்க்டாப்புக்கு வரும், என் டெஸ்க்டாப்புலருந்து இன்னொரு வயர்ல உன் லேப்டாப்புக்கு வரும். இதுக்குப் பேர் ஷேரிங்.”

“அப்ப எனக்கு நெட் வேணும்னா உங்க கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கணுமா?” என்றாள் மனைவி.

“ஆமா.”

“நீங்க ஆபீஸ் போயிட்டா?”

“ஆன் பண்ணிக்கோ.”

“அதுக்கும் பாஸ்வேர்டு இருக்கே?”

“காலையில கிளம்புறப்ப நானே போட்டு விட்டுட்டுப் போறேன்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஷேரிங்கின் மகிமை அவளுக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வயர் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போனதால் அந்தக் கதவு அன்றிலிருந்து மூடுவதில்லை. மாமனார் தினமும் ஒருமுறை அதில் தடுக்கினார். ஒவ்வொரு தடவையும், “தண்டவாளத்தைக்கூட இப்படிக் குறுக்க போடமாட்டாங்க, மாப்ள” என்றார். அது மட்டுமா? மின்சாரம் மிச்சமாகட்டும் என்று டெஸ்க்டாப்பை நான் முன்பே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அது தூங்கிவிடும். அது தூங்கினால் லேப்டாப்புக்கு வருகிற நெட்டும் சேர்ந்து தூங்கிவிடும். படுக்கையறையிலிருந்து மனைவி, “அப்பா! மௌஸ்!” என்று குரல் கொடுப்பாள். மாமனார் எங்கிருந்தாலும் ஓடிவந்து மௌஸைப் பிடித்து ஆட்டுவார். கடைசியில் ஓடுவதற்குப் பதிலாக அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் ரயில் விட்ட மனிதர், மகள் நெட் பார்க்க மௌஸ் ஆட்டிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் பார்த்து எனக்கு வெட்கம் வந்ததா? இல்லை. ஏற்பாடு நன்றாக நடக்கிறது என்று பெருமையாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கையில் என் மனைவிக்கு ஒரு நேர்காணல் வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். அவள் முன்பு ஒரு பெரிய கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தவள். வாங்கிய பொருள் ஓடவில்லை என்று கத்துகிறவர்களோடு நாளெல்லாம் போனில் பேசுகிற வேலை. அவளுடைய அம்மா படுத்த படுக்கையானபோது வேலையை விட்டாள். அம்மா போன பிறகு திரும்ப வேலை தேடினாள். விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டாள். இடையில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். இப்போது ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. புகார்ப் பிரிவுக்கே தலைமை, வீட்டிலிருந்தே செய்கிற வேலை, நேர்காணலும் வீடியோவில்தான். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பழைய ஆபீஸ் உடைகளை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். குளிக்கும்போது தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்வது வெளியே கேட்டது.

நேர்காணலுக்கு முதல் நாள் என்னிடம் வந்து, “ஏங்க, நாளைக்கு வழக்கம்போல ஆபீஸ் போயிட்டு வாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள்.

நான் லீவு போட்டேன்.

மறுநாள் காலை நேர்காணல் தொடங்கியது. மாமனார் மௌஸில் கை வைத்து முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். மூடாத கதவு வழியாக அவள் குரல் வந்தது. நிதானமான, தெளிவான குரல். மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள், அவள் திணறாமல் பதில் சொன்னாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்தக் குரல் இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் இனத்தால் தாங்க முடியாதது இது ஒன்றுதான். இவ்வளவு முக்கியமான நேரத்தில் நெட் போதுமான வேகத்தில் வருகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? மாமனாரை நகரச் சொல்லிவிட்டு, வேகம் அளக்கிற பக்கத்தைத் திறந்து, ‘தொடங்கு’ என்ற பொத்தானை அழுத்தினேன்.

விஷயம் தெரிந்தவர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பரிசோதனை இருக்கிற நெட்டையெல்லாம் தானே இழுத்துப் பார்த்துத்தான் வேகத்தைச் சொல்லும். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க, குளிக்கிறவள் தலைக்கு மேலிருந்து தண்ணீரைத் திருப்பிவிட்ட கதைதான். படுக்கையறையில் அவள் பாதிப் பேச்சில் நின்றாள். பரிசோதனை முடிவு மோசமாக வந்தது. பார்த்தாயா, நான் சந்தேகப்பட்டது சரி என்று மறுபடியும் அழுத்தினேன். இன்னும் மோசம்.

“ஹலோ? நான் பேசறது கேக்குதா? எனக்குப் படம் நின்னுபோச்சு” என்று அவள் சொல்வது கேட்டது. அவ்வளவுதான். “பயப்படாதே, நான் இருக்கேன்!” என்று கத்திக்கொண்டு, பனியனோடு, கையில் ஒரு உபரி வயரோடு உள்ளே பாய்ந்தேன். “யாரு என்னத்தத் தொட்டீங்க? லைன்லயே கோளாறு. எனக்கு அப்பவே தெரியும். நான் சொன்னா யாரு கேக்குறீங்க?”

அவள் திரும்பினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது” என்றாள். “உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னும் தெரியுது. இவ்வளவு அக்கறை எடுத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி. இப்ப நீங்க செஞ்சிட்டிருக்கிறத அப்படியே நிறுத்திட்டு, கூடத்துல போய் உட்காருங்க. நானே வந்து உங்களைப் பார்க்கிறேன். சரிங்களா?”

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. நன்றியாம், அக்கறையாம்! மயங்கிப்போய், “சரிங்க” என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். வந்தவன் உட்கார்ந்தேனா? இவ்வளவு மரியாதை கொடுத்தவளுக்குக் கைம்மாறாக ஏதாவது செய்யவேண்டாமா? டெஸ்க்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன்.

திரை நீலமானது. புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள் என்றது. மாமனார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். “மாப்ள, இனிமே மௌஸ ஆட்டணுமா, வேண்டாமா?”

நேர்காணல் போய்விட்டது. அவள் இஸ்திரி போட்டது, குளியலறையில் பேசிப் பார்த்தது எல்லாம் என் கண்முன் வந்தது.

அவள் லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டெஸ்க்டாப்புக்குப் பின்னால் குனிந்து, பெட்டியிலிருந்து வருகிற வயரைப் பிடுங்கி, லேப்டாப்பில் சொருகினாள். வயர் குட்டை. ஆகையால் இஸ்திரி போட்ட உடையோடு, மேசைக்குப் பின்னால் தூசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நெட் வந்துவிட்டது.

“மன்னிக்கணும், ஒரு சின்னத் தடங்கல்” என்று பேச்சைத் தொடர்ந்தாள். நானும் மாமனாரும் மூச்சுவிடாமல் சுவரோடு ஒட்டி நின்றோம்.

முடிந்ததும் எழுந்து தூசியைத் தட்டினாள். “வேலை கிடைச்சிடுச்சு” என்றாள். மாமனார் அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “கஷ்டமான கேள்வி ஏதாவது கேட்டாங்களா?” என்றேன்.

“கடைசியா ஒண்ணு கேக்கிறதா இருந்தாங்களாம். அப்புறம் தேவையில்லைன்னுட்டாங்க.”

“என்ன கேள்வி?”

“எல்லாம் தனக்குத்தான் தெரியும்னு நினைக்கிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீங்கன்னு. எனக்குத்தான் படம் நின்னுச்சு, அவங்களுக்கு நம்ம பேச்சு கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. லைன் அறுந்தது நீங்க ரீஸ்டார்ட் பண்ணினப்பதான்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ஒருத்தர் மட்டும் கேட்டார், அந்தப் புகார்தாரருக்குக் கடைசியில பிரச்சினை தீர்ந்துச்சான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“இன்னும் நடவடிக்கையில இருக்குன்னேன்.”

அன்றே அவள் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள். பெட்டிக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை இருக்கிறதாம், அதில் ஊசியை விட்டு அழுத்தினால் பழைய பாஸ்வேர்டு போய்விடுமாம். அழுத்தினாள். புதிதாக ஒன்று வைத்து எல்லாருக்கும் சொன்னாள். படுக்கையறைக் கதவு மூடுகிறது. மாமனார் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். நெட் நிற்பதே இல்லை. யாரும் என்னைக் கூப்பிடுவதும் இல்லை. உள்ளதைச் சொன்னால், அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். டெஸ்க்டாப் தூங்குகிறது என்று நான் சொன்ன இடத்தில், அதை ஒரு நொடியில் மாற்றலாமே என்று உங்களுக்குத் தோன்றியதா? பாஸ்வேர்டு மறந்தேன் என்றபோது, பின்னால் துளை இருக்குமே, இதுகூடத் தெரியாதா என்று கை துறுதுறுத்ததா? ஒரு நடை வந்து எங்கள் வீட்டு வயரையெல்லாம் ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுகூட நினைத்தீர்களோ?

நினைத்திருந்தால் சற்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் மிகவும் பொறுமையாக, குரலைத் தாழ்த்தி, “நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது” என்று சமீபத்தில் சொன்னார்களா?

மரியாதை என்று நினைத்துக்கொண்டீர்கள், இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.