வெள்ளை ரிப்பன் கட்டிய வீடு

டிஃப்டன், ஜார்ஜியா
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் மிகுந்த இமோஜீன் அக்கா அவர்களுக்கு,

உங்கள் தங்கை வெர்பீனாவின் கணவன் ஹோயெட் டில்லெரி தலை நிமிர்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், வெர்பீனா, பூனை மூவரும் சுகம். அங்கே உங்கள் மூட்டுவலியும் சகலை லமாரின் ஏப்பமும் தணிந்திருக்க ஜெபிக்கிறேன். தலை நிமிர்ந்து என்று எதற்கு எழுதினேன் தெரியுமா? நான் ஜெயித்துவிட்டேன் அக்கா. சவானா நகரத்துக்கு என் பெண்டாட்டியை வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை முழுசாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

ஈஸ்டர் விருந்தில் போதகர் முன்னிலையில், பன்றித்தொடை வெட்டுகிற கத்தியை என் பக்கம் நீட்டி நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "இந்த ஆளை நம்பி ரெண்டு நாள் வெளியூர் போறியாடி? சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள 'அக்கா, வந்து கூட்டிட்டுப் போ'ன்னு எனக்குப் போன் போடலேன்னா என் பேரை மாத்திக்கறேன்!" என்றீர்கள். போதகர் சிரித்தார். சகலை லமார் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வெர்பீனாவும் எல்லார் முன்னாலும் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இங்க பாருங்க ஹோயெட். ஒரே ஒரு தடவை அக்காவுக்கு நான் போன் பண்ணாலும் சரி, இனிமே நாம தனியா எங்கயும் போறதில்லை. அக்காவோட சபை பஸ்லதான் போறோம். போன் பண்ணலேன்னா வருஷா வருஷம் வசந்த காலத்துல நீங்களும் நானும் மட்டும்." உங்கள் பஸ் எனக்குத் தெரியும் அக்கா. எல்லாருக்கும் ஒரே மஞ்சள் சட்டை, வழி நெடுக ஞானப்பாட்டு, கழிப்பறைக்குப் போனால்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்ப்பீர்கள். அந்த மஞ்சள் சட்டைக்குள் நுழையக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடுபட்டேன்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். தேனிலவுக்குப் போன வழியில் பெட்ரோல் தீர்ந்தபோது நீங்கள்தான் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனீர்கள். கடற்கரைக்குப் போனபோது நான் ஆசையாக வாங்கிக்கொடுத்த சிப்பியைத் தின்று அவள் முகம் பூசணிக்காயாக வீங்கியபோதும் நீங்கள்தான் வந்தீர்கள். ஆனால் இந்த முறை நான் முன்யோசனையோடு போனேன். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் பழங்கால விடுதி ஒன்றில் 'தோட்டத் தள அறை' என்று பார்த்துப் பதிவு செய்திருந்தேன். அது நிலவறை என்று போன பிறகுதான் தெரிந்தது. ஜன்னலைத் திறந்தால் ஊர்க்காரர்களின் கணுக்கால்தான் தெரிகிறது. வெர்பீனா சுவரைத் தொட்டுப் பார்த்து, "ஏங்க, வரலாறுன்னா இவ்வளவு ஈரமா இருக்குமா?" என்றாள். கையோடு கைப்பையைத் திறந்து செல்போனை எடுத்தாள். "கொடு கண்ணு, சார்ஜ் போடறேன்" என்று வாங்கியவன்தான், ஊர் திரும்பும்வரை அது என் கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் சதுக்கத்தில் ஓக் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற வண்டிக் குதிரை அவள் தொப்பியிலிருந்த துணிப் பூவையெல்லாம் தின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுத்த தொப்பிதான். சத்தியமாக அதில் எனக்குப் பங்கில்லை. குதிரை நலமாக இருக்கிறது.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன், நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது. அன்றைக்குச் சவானாவில் பழைய வீடுகளைத் திறந்துவிட்டு, டிக்கெட் வாங்கியவர்களை உள்ளே போய்ப் பார்க்கவிடும் நாள். டிக்கெட் கொடுத்த அம்மாள், "வாசல்ல வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தா அது நம்ம வீடு, தாராளமா உள்ள போங்க" என்றாள். இரண்டு வீடு பார்த்துவிட்டு மூலை திரும்பினால் உயரமான படிக்கட்டு, இரும்புக் கிராதி, கதவில் பெரிய பூவளையம், அதில் வெள்ளை ரிப்பன். மற்ற இடத்தில் ரிப்பன்தான், இங்கே பூவும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களே, பெரிய இடம் போலிருக்கிறது என்று நானே கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் போனேன். உள்ளே ஒரே கூட்டம், எல்லாரும் நல்ல உடுப்பில். முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் ஓடிவந்து வெர்பீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வந்தீங்களே, அதுவே போதும். ரொம்ப தூரமா?" என்றாள். "டிஃப்டன்லேருந்துங்க" என்றேன். "அடேயப்பா, அவ்வளவு தூரத்திலேருந்தா! அவருக்குத் தெரிஞ்சிருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'அவர்' என்றால் வீட்டை முதலில் கட்டியவர் என்று எடுத்துக்கொண்டு, "சவானாக்காரங்களுக்கு முன்னோர் மேல என்ன பாசம் பாரு" என்று வெர்பீனாவின் காதில் சொன்னேன்.

டிக்கெட் வாங்கியிருக்கிறோமே, சும்மா விடலாமா? மாடி ஏறிப் படுக்கையறைகளைப் பார்த்தேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன். சாப்பாட்டறையில் ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கி, அடியில் தச்சர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள், ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்ம பக்கத்து மனிதர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டுமா? வீட்டுக்குள் வந்து தட்டை எடுத்துக்கொண்டவனை 'நீ யார்' என்று கேட்பதைவிட உயிரை விடலாம் என்பார்கள். கையில் தட்டைக் கொடுத்தார்கள். பன்றித்தொடை வைத்த பிஸ்கட் ரொட்டி, மசாலா முட்டை, கோழி சாலட், வெண்ணெய் கேக். பெரிய வெள்ளிக் கிண்ணத்தில் பழம் மிதக்கிற பானம் ஒன்று. நம் சபையில் ஆராதனை முடிந்ததும் கொடுப்பார்களே, அந்தப் பழரசம்தான் என்று நினைத்து மடமடவென்று குடித்தேன். மூன்றாவது கோப்பையில்தான் காது சுடுகிறதே என்று பட்டது. அதில் ரம், பிராந்தி, இன்னும் என்னென்னவோ ஊற்றியிருந்தார்களாம். மதுவைத் தொடாத பாப்டிஸ்ட் சபைக்காரனிடம் யாராவது சொல்லக்கூடாதா? இதைப் போதகரிடம் மட்டும் காட்டாதீர்கள்.

அப்போது ஒரு பெரியவர் வந்து என் தோளைத் தட்டி, "பார்த்தீங்களா? தூங்கற மாதிரியே இருந்தார்ல?" என்றார். வெர்பீனாவின் கேக் அந்தரத்தில் நின்றது. என் முழங்கையை ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளினாள். "யோவ் ஹோயெட். இது செத்த வீடு." கதவில் தொங்கியது துக்கத்துக்குக் கட்டிய பூவளையம், சாப்பாடு அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு.

அப்படியே நழுவிவிடலாம் என்றால், வீட்டுக்காரம்மாவிடம் சொல்லாமல் போகிற அளவுக்கு எங்களை யாரும் மோசமாக வளர்க்கவில்லை. இறந்தவர் நீதிபதி ஆல்ஸ்டன். அந்த முத்துமாலை அம்மாள்தான் அவர் மனைவி யூலலி. அருகே போய் நிற்கிறோம், அதற்குள் அந்த அம்மாள் கரண்டியால் கோப்பையைத் தட்டி, "டிஃப்டன் நண்பர் நாலு வார்த்தை பேசுவார். என் வீட்டுக்காரர் கௌதாரி வேட்டைக்கு வருஷா வருஷம் அந்தப் பக்கம்தானே போவார். உங்களைப் பத்தி என்கிட்ட மூச்சு விட்டதில்லை, அழுத்தக்காரர்!" என்றார். அக்கா, அந்த நேரத்தில் வெர்பீனாவின் கண் என் கோட்டுப் பையிலிருந்த செல்போன் மேல் போனதைப் பார்த்தேன். இப்போது நான் உளறினால் எல்லாம் போச்சு, மஞ்சள் சட்டைதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி பேசினேன்.

"அவரை எனக்கு நல்லாத் தெரியும்னு சொன்னா அது பொய். ஆனா இந்த வீட்டை இன்னைக்கு நல்லாப் பார்த்தேன். ஒரு நாற்காலி ஆடலை. ஒரு கதவு முனகலை. எங்க வீட்ல எல்லாமே ஆடும், கேட்டுப் பாருங்க, பெண்டாட்டி இங்கதான் நிக்கறா. வீட்டை இப்படி வெச்சிருந்த மனுஷன் பெண்டாட்டியையும் நல்லாத்தான் வெச்சிருப்பார். முன்பின் தெரியாத எனக்கு இங்க மூணு தடவை தட்டு நிரப்பினாங்க, நீ யாருன்னு ஒருத்தர் கேக்கலை. நான் செத்தா என் வீட்லயும் எவனாவது இப்படி வந்து வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போகணும். அவ்வளவுதான்."

கூட்டமே 'ஆமென்' என்றது. நான் தன்னடக்கத்தில் அப்படிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். யூலலி அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வெர்பீனாவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, ஒரு நிமிஷம் வாங்க" என்று அவரை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று தெரிந்து நான் கேக் மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்குகிறார்கள். அழுகை இல்லை அக்கா, சிரிப்பு. "கடவுளே! என் புருஷன் சாவுக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்க நீங்கதான். அவர் இருந்திருந்தா இதையே வருஷம் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பார்" என்றார் யூலலி அம்மாள். எங்களைப் போகவே விடவில்லை. வெர்பீனா அவரோடு அடுக்களையிலேயே நெடுநேரம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது முக்கால் பன்றித்தொடையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். ஆற்றங்கரையில் நடந்து வரும்போது, பூ இல்லாத அந்தத் தொப்பியோடு வெர்பீனா என் கையைக் கோத்துக்கொண்டாள். நான் கேட்காமலே அவளாகக் கோத்துக்கொண்டாள்.

ஆக, நிலவறை, குதிரை, சாவு வீடு எல்லாம் நடந்தும், உங்கள் தங்கை செல்போனைத் தொடவில்லை. பேரை மாற்றிக்கொள்வதாகச் சொன்னீர்களே, என்ன பேர் என்று எழுதினால் அடுத்த கடிதத்தை அந்தப் பேருக்கே அனுப்புகிறேன். மஞ்சள் சட்டையை வேறு பாக்கியசாலிக்குக் கொடுங்கள். கர்த்தர் உங்கள் மூட்டையும் சகலையின் வயிற்றையும் உங்கள் பஸ்ஸின் சக்கரங்களையும் காப்பாராக.

வெற்றி பெற்ற தங்கை கணவன்,
ஹோயெட் டில்லெரி

பி.கு.: உறையை ஒட்டுமுன் வெர்பீனா வாங்கிப் படித்துவிட்டு, "அடுக்களைச் சுவர்ல ஒரு போன் இருந்துச்சே, நீங்க பாக்கலையா?" என்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் தட்டுக் கழுவும்போது அதிலிருந்து உங்களோடு பேசினாளாம். 'வந்து கூட்டிட்டுப் போ'ன்னா சொன்னே என்று கேட்டேன். "இல்ல. நீ வராதே அக்கா, இந்த மனுஷனைக் கட்டினதுக்கு இன்னைக்குத்தான் நான் பெருமைப்படறேன்னு சொன்னேன்" என்றாள். ஆனாலும் போன் போன்தான், பேச்சு பேச்சுதான் என்கிறாள். அப்படியே ஆகட்டும். மஞ்சள் சட்டை எனக்குப் பெரிய அளவில் எடுத்து வையுங்கள். யூலலி அம்மாளும் பஸ்ஸில் வருகிறாராம், அவருக்கும் ஒன்று. ஒரு உதவி மட்டும் செய்யுங்கள் அக்கா. இன்னொரு தடவை சொல்லு என்றால் மாட்டேன் என்கிறாள். போனில் அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.