வேலை வாங்கிக் கொடுத்த லட்சணம்

"கடைசியா பார்த்த வேலை என்னம்மா? அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேங்குது."

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டான் புதுசு.

"துப்புரவு வேலை, தம்பி" என்றது எதிர் நாற்காலியிலிருந்து வந்த குரல்.

"எந்தக் கம்பெனி?"

குரல் ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னது. புதுசு தட்டினான். அடம்பிடித்துக்கொண்டிருந்த திரை சட்டென்று வழிவிட்டது.

உதவித்தொகை, வேலைவாய்ப்பு இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கவனிக்கும் அலுவலகம் அது. அங்கே கடைநிலைப் பணியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் அவன் பெயர் புதுசுதான். அவனுக்குப் பிறகு யாரும் வேலைக்குச் சேரவில்லை. அதனால் பட்டத்தைக் கைமாற்றிவிட அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை. வேலையில்லாமல் வருகிறவர்களின் கதையைக் கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, உதவிக்கோ பயிற்சிக்கோ வேலைக்கோ அனுப்பிவைப்பது அவன் பொறுப்பு. "வரிசை நகரணும், அவ்வளவுதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் பிரிவுத் தலைவி. புதுசு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். காது கேட்கும், விரல் தட்டும், கண் திரையில் இருக்கும். பக்கத்து சீட்டில் ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் இவன் மூவரை அனுப்பிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"எனக்கு வேலை..." என்று ஆரம்பித்தது குரல்.

"கிடைக்கும்மா. கண்டிப்பா கிடைக்கும்."

"அதில்ல தம்பி, எனக்கு வேலை..."

"என்கிட்ட வந்துட்டீங்கல்ல? இனிமே அது என் பாடு. நீங்க நிம்மதியா இருங்க."

 "அப்ப சரி" என்றது குரல்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் புதுசுக்கு அன்றைக்கு நல்ல மனநிலை. இலவசமாக அறிவுரையும் வழங்கினான்.

"வேலை தேடுறவங்க முதல்ல அடுத்தவங்க கண்ணுல படணும்மா. மூலையில ஒதுங்கி நின்னா யாருக்குத் தெரியும்? நாலு பேருக்கு முன்னாடி நடமாடணும்."

"நடமாடிக்கிட்டுத்தான் தம்பி இருக்கேன். எவ்வளவோ நாளா."

"இன்னும் நல்லா நடமாடுங்க" என்று சொல்லி, பதிவை உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினான்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே அவன் நடையில் ஒரு மிடுக்கு தெரிந்தது.

"என்ன, சம்பளம் ஏறிடுச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"அதெல்லாம் சின்ன விஷயம். இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க பாரு. பேசவே வாய் வரல, பாவம். நானே எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்துப் பதிஞ்சு விட்டேன். இனி அவங்களுக்கு ஒரு வழி பொறந்துடும்."

"வயசானவங்களா?"

புதுசு யோசித்தான். வயசானவரா, நடுத்தர வயதா, ஒல்லியா, குண்டா, ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

"அதெல்லாம் அந்தரங்கத் தகவல். ஆபீஸ் விஷயத்தை வெளியில சொல்லக்கூடாது" என்று சமாளித்தான்.

மறுநாள் முதல் ஆளாக அதே குரல் வந்து உட்கார்ந்தது.

"வேலை போயிடுச்சு, தம்பி."

"அதுதான் நேத்தே பதிஞ்சாச்சேம்மா."

"நேத்து இருந்துச்சு. இன்னைக்குத்தான் போச்சு."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன.

"வேலை இருந்துச்சா?"

"அதைச் சொல்லத்தான் நேத்து வாயைத் தொறந்தேன். நீங்க கிடைக்கும் கிடைக்கும்னீங்க. இங்கேர்ந்து கம்பெனிக்கு ஏதோ தகவல் போயிருக்கு. வேலையில இருந்துக்கிட்டே வேலை இல்லைன்னு எழுதிக் கொடுத்தியான்னு கத்திட்டு, நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாங்க."

அவன் அழுத்திய பொத்தான், தன் பங்குக்கு, பழைய முதலாளிக்கு ஒரு விசாரணை மின்னஞ்சலையும் தானாகவே அனுப்பிவைத்திருக்கிறது. 

"எங்க... எந்த இடத்துல வேலை பார்த்தீங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா, இந்தத் தெருவுலயா?"

"இங்கதான் தம்பி. நீங்க கையை ஊனியிருக்கீங்களே, அந்த மேஜையைத் தினமும் காலையில துடைக்கிறது நான்தான்."

அப்போதுதான் புதுசு நிமிர்ந்தான். வட்ட முகம். ஒரு பக்கக் காம்பு உடைந்து நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி. மேல் உதட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தழும்பு. மடியில் மடித்து வைத்த நீல மேலங்கி. அந்த நீலத்தை அவனுக்கு நன்றாகவே தெரியும். தினமும் காலையில் சுவரோரமாக நகரும். வாளி ஒன்று கூடவே போகும். அந்த நீலத்துக்கு மேலே ஒரு முகம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

காது மடல் வரை சூடேறியது. மேஜையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் சரி பண்ணிடுறேம்மா. இன்னைக்கே சரி பண்ணிடுறேன்."

"பார்த்துச் செய்ங்க, தம்பி" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

உணவு இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டான். மேலாளர் எடுத்தார்.

தப்பு என்னுடையது என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்ல வாய் வந்தால்தானே?  பொய் மட்டும் சுலபமாக வெளியே வந்தது.

"அது வந்து சார், நிஜப் பதிவு இல்ல. ஒரு சோதனைக்காகப் போட்டது."

"சோதனையா?" மேலாளரின் குரல் உடனே இறங்கியது. "எங்க கம்பெனியைச் சோதனை போடுறீங்களா?"

"ஐயோ, அந்தச் சோதனை இல்ல சார்..."

"ஓவர்டைம் விஷயமா? அந்தம்மா புகார் கொடுத்திருக்கா?"

"புகாரெல்லாம் எதுவும் இல்ல சார். ரொம்ப நல்ல மனுஷி."

"நல்ல மனுஷிதான் அரசாங்கத்தையே எங்க மேல ஏவி விட்டிருக்காளா? இனி அவ எங்க வாசப்படி மிதிக்கக்கூடாது. உங்க ஆபீசுக்கும் இப்போதைக்கு ஆள் அனுப்ப மாட்டோம். வக்கீலைக் கேட்டுட்டுத்தான் மறுபேச்சு!"

போன் வைக்கப்பட்டது. காலையில் ஒருவருக்கு மட்டும் வேலை போயிருந்தது. மதியத்தில் மொத்த அலுவலகத்துக்கும் துப்புரவே போய்விட்டது.

அடுத்த இரண்டு நாளில் அலுவலகம் நாறிப்போனது. குப்பைத் தொட்டிகள் வழிந்தன. கழிப்பறைப் பக்கம் போனவர்கள் போன வேகத்திலேயே திரும்பினார்கள். "யார் கைவரிசை இது? தெரிஞ்சா நல்லா நாலு கேள்வி கேட்கணும்" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "ஆமாமா, கேட்கணும்" என்று புதுசும் தலையாட்டினான். ஆட்டிய தலையைப் பிறகு தூக்க முடியவில்லை.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி நச்சரித்து விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"நீங்க இருக்கிறது வேலை வாங்கிக் கொடுக்கிற ஆபீசா, இல்ல வேலையைப் புடுங்கிற ஆபீசா?"

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதே."

"பாய்ச்ச வேலை எங்க இருக்கு? அதைத்தான் நீங்க புடுங்கிட்டீங்களே!"

சிரித்துவிட்டு அவளே சொன்னாள்: "உங்க மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா என் வேலையும் போயிடும்."

"போனா என்ன? உங்க சீட்டுலயே பதிஞ்சுக்கலாம்."

உண்மையைச் சொல்லும் தைரியம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு யோசனைதான் வந்தது. கம்பெனிக்காரர் மனம் மாறும் வரை அலுவலகம் சுத்தமாக இருந்துவிட்டால் யாரும் எதையும் துருவ மாட்டார்கள். மறுநாள் எல்லோரும் வருவதற்கு முன்பே போய் நின்றான். வாசலில் இருந்த காவல்கார அண்ணன் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். பின்னறை ஆணியில் மாட்டியிருந்த பழைய நீல மேலங்கி ஒன்றை எடுத்துச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடித்தான்.

தரை துடைப்பது ஒரு வேலையா என்று நினைத்திருந்தவனுக்கு, கூடத்தில் பாதி தாண்டுவதற்குள் இடுப்பு கழன்றது. துடைத்த இடத்திலேயே தன் செருப்புத் தடம் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்துப் பிரிவுத் தலைவி உள்ளே வந்தார். எப்போதும் கடைசியில் வருகிறவர், அன்றைக்கென்று சீக்கிரம்!

புதுசு கையில் துடைப்பானோடு உறைந்து நின்றான். தலைவி போனைப் பார்த்துக்கொண்டே வந்தார், அவனைத் தாண்டினார், நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் லேசாகத் தூக்கிக்கொண்டார்.

"அடியில நல்லா துடைப்பா. ரெண்டு நாளா ஒரே நாத்தம்."

புதுசு குனிந்து அடியில் துடைத்தான்.

"அந்த மூலையும்."

மூலையையும் துடைத்தான். தினமும் அவனிடம் பத்து தடவை பேசுகிறவர், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இவன் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதி வரவேண்டிய இடத்தில் வேறென்னவோ வந்தது. தன் நாற்காலியில் உட்கார்ந்து இப்படியே காலைத் தூக்கிக்கொண்ட தன்னை அவன் அப்போது பார்த்தான். அதற்கு மேல் துடைப்பான் ஓடவில்லை.

"மேடம்" என்றான்.

"ம்?"

"நான் புதுசு, மேடம்."

"எந்தக் கம்பெனி அனுப்புச்சு உன்னை?"

"உங்க புதுசு, மேடம்!"

தலைவி நிமிர்ந்தார். போன் கைநழுவி, அவன் அப்போதுதான் துடைத்த ஈரத்தில் விழுந்தது.

ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினான். நிமிர்ந்து பார்க்காமல் பதிந்தது, பொத்தானை அழுத்தியது, மாடிப்படிக்கு அடியில் நின்று புளுகியது எல்லாம். தலைவி போனைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவரோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதும் சிவந்திருந்தது.

"அந்தம்மா முகம் எப்படி இருக்கும்?" என்று மெல்லக் கேட்டார். "நான் இங்க வந்ததிலேர்ந்து இருக்காங்கன்னு நினைக்கிறேன்."

புதுசு வட்ட முகத்தையும், நூல் கட்டிய கண்ணாடியையும், தழும்பையும் சொன்னான்.

"சரி. போன வேலையை நம்மால திருப்பி வாங்க முடியாது" என்றார் தலைவி. "ஆனா ஒண்ணு பண்ணலாம். அவங்களா வேலையை விட்டிருந்தா நம்ம கை கட்டிப்போயிருக்கும். கம்பெனி நிறுத்தினவங்களுக்குத்தான் பயிற்சி, அது முடியற வரைக்கும் உதவித்தொகை. இவங்களை நிறுத்தியாச்சே! கூப்பிட்டு, எந்தப் பயிற்சி கேட்டாலும் கொடு. கேள்வி கேட்காதே. கம்பெனிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அன்று மதியம் அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். புதுசு கம்ப்யூட்டர் திரையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான். பார்க்கப் பார்க்க வெட்கம்தான் கூடியது.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. பொழைப்பையே கெடுத்துட்டேன்."

"விடுங்க தம்பி. வேணும்னேவா பண்ணீங்க?"

"நிறைய பயிற்சி இருக்கு. தையல், சமையல், குழந்தைங்களைப் பார்த்துக்கிறது... நிதானமா யோசிச்சு, நாளைக்குச் சொன்னாலும்..."

"பஸ் ஓட்டணும்."

"என்னம்மா?"

"பஸ், தம்பி. பெரிய பஸ். அடுத்த வகுப்பு திங்கக்கிழமை ஆரம்பிக்குதாமே?"

கேள்வி கேட்காதே என்று உத்தரவு. புதுசு கேட்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் இடம் போட்டுக் கொடுத்தான். அந்த அம்மா எழுந்து இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்து, "நல்லா இருங்க தம்பி" என்றார். திட்டு வாங்கியிருந்தால் செரித்திருக்கும். அந்த வாழ்த்து செரிக்காமல் நெஞ்சிலேயே நின்றது.

மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் காவல்கார அண்ணனின் பக்கத்தில் போய் நின்றான். தெருவின் கடைசியில் அந்த அம்மா போய்க்கொண்டிருந்தார். கடந்துபோன பஸ் ஒன்றை நின்று, திரும்பி, அது வளையும் வரை பார்த்துவிட்டு நடந்தார்.

"ஒரு அப்பாவி வயித்துல அடிச்சுட்டேன், அண்ணே" என்றான் புதுசு. "அவங்க என்னடான்னா என்னை வாழ்த்திட்டுப் போறாங்க. மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்கிறதுன்னு தெரியல."

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சார், அந்த வேலையை விடணும்னு அவங்க எத்தனையோ வருஷமா துடியா துடிச்சாங்க. தானா விட்டா பயிற்சி கிடைக்காது. கம்பெனிக்காரனா நிறுத்தவும் மாட்டான். இவ்வளவு சுத்தமா துடைக்கிற ஆளை எவன் விடுவான்?"

புதுசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப அன்னைக்கு என் முன்னாடி வந்து உட்கார்ந்தது?"

"இங்க பேர் பதிஞ்சா கம்பெனிக்குத் தகவல் போகும், உடனே நிறுத்திடுவான்னு அவங்களுக்குத் தெரியும். ‘ஆளோட மூஞ்சியைப் பார்க்காமலே எழுதிக்கிற சீட்டு எது அண்ணே’ன்னு என்கிட்டதான் வந்து கேட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல சார், உங்க சீட்டைக் கை காட்டிட்டேன்."